கூடுதல் நபர் ஒருவர்

"யார் இந்த ஆள்?"

ரயில் டிக்கெட் பரிசோதகர் ஓட்டல் பில்லின் மூன்றாவது வரியில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் எழுந்து, எட்டி, தலைகீழாகவே படித்தாள்.

"கூடுதல் நபர் ஒருவர், சார்."

"படிக்க எனக்கும் தெரியும்மா. ஆள் யாருன்னு கேக்கறேன். எப்ப வந்தாரு, எப்பப் போனாரு? எனக்கும் கொஞ்சம் அறிமுகப்படுத்தி வைங்க."

"உங்க ரூம்ல உங்களோட தங்கினவர் சார்."

"என்னோட தங்கினது இதோ நிக்கறாங்களே, இவங்க. முப்பத்திரண்டு வருஷமா என்னோடதான் தங்கறாங்க. இவங்களா கூடுதல்?"

"மேடம் கணக்குல இருக்காங்க சார். ரூம் ரெண்டு பேருக்கு. இது மூணாவது ஆள்."

கையில் பெட்டியோடு நின்றிருந்த மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

அவருக்கு மெதுவாகப் பேச வராது. முப்பத்திநாலு வருடமாக ஓடுகிற ரயிலின் சத்தத்துக்கு மேல் "டிக்கெட், டிக்கெட்" என்று கத்திச் சம்பாதித்த தொண்டை அது. இலாகாவில் அவருக்கு "ரசீது" என்று பெயர். பெற்ற தாயே டிக்கெட் இல்லாமல் ஏறினாலும் அபராத ரசீது கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காலில் விழுவார் என்பார்கள். இருக்கைக்கு அடியில், கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் என்று எங்கே ஒளிந்தாலும் இழுத்து வெளியே போடுவார்.

அப்படிப் போட்டதற்குத்தான் நேற்று இரவு இந்த ஊரில் விழா எடுத்து, நேர்மையான பணியாளர் என்று கேடயம் கொடுத்தார்கள். தங்கும் செலவு இலாகாவுடையது. ஊழியர், மனைவி, ஆக இரண்டு பேர். இந்த பில்லை அவர் அலுவலகத்தில் செலவுக் கணக்கோடு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதில் கூடுதல் நபர் ஒருவர் என்று இருந்தால்? நேர்மைக்குக் கேடயம் வாங்கப்போனவர் இலாகா செலவில் ஒரு ஆளை அறைக்குள் ஒளித்து வைத்திருந்தார் என்று ஆகாதா? காலம் பூராவும் டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தவருடைய அறையிலேயே டிக்கெட் இல்லாத ஒருவனா! இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன கேவலம் வேண்டும்?

"நாங்க ரெண்டே பேர்தாம்மா," என்றாள் மனைவி ரிசப்ஷன் பெண்ணிடம். "இவர் பொய் சொல்ற ஆளே கிடையாது. எனக்குத் தெரியாம ஒரு தும்மல்கூடப் போட மாட்டார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நேற்று மேடையில் அவர் பேசியபோதும் முதல் வரிசையில் உட்கார்ந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன பேசினார் தெரியுமா? "டிக்கெட் இருக்கறவன் பேசாம நீட்டுவான். இல்லாதவன்தான் கதை சொல்லுவான். கேட்டதுக்கு மேல ஒருத்தன் விளக்கம் குடுத்தான்னா, ரசீதுப் புத்தகத்தை எடுத்துடலாம்," என்று பேசினார். பலத்த கைதட்டல்.

"எதை வெச்சும்மா மூணாவது ஆள்னு சொல்றீங்க?" என்றார் இப்போது. "ஆதாரத்தைக் காட்டுங்க."

"காட்டறேன் சார்." பெண் மேஜையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். பென்சிலில் நாலைந்து வரிகள். "ரூம் காலியானதும் சுத்தம் பண்றவங்க பார்த்து எழுதி அனுப்பிடுவாங்க."

"நான் சாவியைக் குடுத்து அஞ்சு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள பார்த்துட்டாங்களா?"

"எங்க ஆளுங்க ரொம்ப ஃபாஸ்ட் சார்," என்றாள் பெண். "டவல் மூணு, மூணும் ஈரம். ரெண்டு பேருக்கு எதுக்கு சார் மூணு டவல்?"

"எதுக்குன்னா? துடைச்சுக்கத்தான்."

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்," என்றாள் மனைவி. குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குக்குச் சொன்னாள்.

அவ்வளவுதான், ரிசப்ஷன் பெண் அவரையே பார்த்தாள். பின்னால் பெட்டியோடு காத்திருந்த ஒரு விற்பனைப் பிரதிநிதியும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். பரிசோதகருக்குக் காது சூடேறியது. ஒருத்தனை இப்படி நாலு பேர் பார்க்கும்படி நிற்க வைப்பதுதான் அவர் தொழில். அந்த இடத்தில் தான் நின்று பார்த்ததில்லை.

"ரெண்டும் நான்தான் எடுத்தேன்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு உடம்புக்கு. இன்னொண்ணு... அதுல கறுப்பா இருக்குமே, எழுதலையா?"

"கறுப்புன்னு ஒண்ணும் எழுதலையே சார்."

"சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க. அது வந்து, மீசைக்கு... நேத்து போட்டோ எடுத்தாங்கல்ல, அதுக்காகக் கொஞ்சம் மை." மனைவி பக்கம் திரும்பினார். "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். எங்க பரம்பரைக்கே நரைக்காதுன்னு சொன்னது கொஞ்சம் மிகை."

"அது எனக்குப் பத்து வருஷமாத் தெரியுமே," என்றாள் அவள். "தலகாணி உறையைத் துவைக்கறது யாரு?"

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. ரிசப்ஷன் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பில்லில் ஒரு வரி சேர்த்தாள்.

"என்னம்மா எழுதறீங்க?"

"டவல்ல சாயம்னு நீங்களே சொன்னீங்களே சார். சலவைக் கட்டணம்."

"நான் சொன்னது விளக்கம்மா!"

"அந்த மூணாவது ஆளை எடுத்துடலாமா, வேண்டாமான்னு மேனேஜர்தான் சார் சொல்லணும். சீட்டுல இன்னும் இருக்கு. டீ குடிச்ச கப்பு மூணு."

மனைவி விரல் மடக்கினாள். "எனக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு, ரெண்டும் சர்க்கரை இல்லாம." மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நான் குளிச்சிட்டிருந்தப்ப யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவாங்க?"

"அதான் கேக்கறேன். நீங்க கதவைத் தாழ் போட்டுக்கோன்னு ரெண்டு தடவை சொன்னீங்களே."

பார்த்தீர்களா வம்பை! முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரலில் ஒரு கேள்விக்குறி நுழைந்துவிட்டது, அதுவும் எவனோ எழுதிய பென்சில் சீட்டால். பரிசோதகருக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. வராத ஒருவனை வந்தான் என்கிறார்கள், கட்டிய மனைவி அதை நம்பிவிடுவாள் போலிருக்கிறது. இதைவிட உண்மையைச் சொல்லித் தொலைக்கலாம்.

"நான்தான் குடிச்சேன். இன்னொரு கப்பு."

"அதுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?"

"அதுல... ரெண்டு பாக்கெட் சர்க்கரை போட்டேன்."

மனைவி பெட்டியைத் தரையில் வைத்தாள். "எட்டு மாசமா நாக்குல சர்க்கரையே படலைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க."

"வீட்ல படலை."

"அப்ப எங்க படுது?"

"எல்லா ஸ்டேஷன்லயும்," என்றார். கேட்டதற்கு மேல் விளக்கம் கொடுக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. வாய் நிற்கவில்லை.

"நான் பைத்தியக்காரி மாதிரி உங்களோட சேர்ந்து வெறும் டீயைக் குடிச்சிட்டிருக்கேன்," என்றாள் மனைவி. "எனக்கு சுகரே கிடையாது. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு குடிக்கறேன்."

"சார், டீப் பாக்கெட் ரெண்டுதான் இலவசம்," என்றாள் ரிசப்ஷன் பெண். பில்லில் இன்னொரு வரி ஏறியது.

"மேனேஜரைக் கூப்பிடுங்க!" என்று மேஜையில் தட்டினார் பரிசோதகர்.

மேனேஜர் உள்ளறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். பணிவான மனிதர். இந்தப் பணிவானவர்களிடம் சண்டை போடுவது போலக் கொடுமை வேறில்லை. நாம் ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் அவர்கள் இரண்டு படி இறங்கிவிடுகிறார்கள்.

"ரொம்ப வருத்தம் சார். உங்களை மாதிரி பெரியவங்களைச் சந்தேகப்படறதே பாவம்." சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஆனா சோபாவுல ஒரு ஆள் படுத்திருந்த அடையாளம்னு எழுதியிருக்காங்களே சார். தலகாணி, போர்வை எல்லாம் சோபாவுல கிடக்குதாம். நீங்க ரெண்டு பேரும் கட்டில்ல படுத்திருந்தா, சோபாவுல யாரு?"

"சோபாவுல யாருங்க?" என்றாள் மனைவி.

விற்பனைப் பிரதிநிதி பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இனி அவசரம் எதுவும் இல்லை என்று தெரிந்தது.

"மேடம் நல்லாத் தூங்குவாங்களா சார்?" என்று மேனேஜர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "ஏன் கேக்கறேன்னா, அவங்க தூங்கினப்புறம் யாராவது சொந்தக்காரங்க, நண்பர்கள்..."

"யோவ்!" என்றார் பரிசோதகர். "நான்யா அது! நான்தான் சோபாவுல படுத்தேன்!"

"ஏன்? முதுகு வலி இருக்கறவர் சோபாவுல படுக்கலாமா?" என்று மனைவி பதறினாள். அந்தப் பதற்றம்தான் அவரைக் கொன்றது. நாலு வருடத்துக்கு முன்னால், முதுகு வலிக்குத் தரைதான் நல்லது என்று வைத்தியர் சொன்னதாகச் சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவர் அவர். தினமும் படுக்கப் போகுமுன் அவள் தைலம் போட்டுக் கால் மணி நேரம் முதுகைத் தேய்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

"முதுகு வலி இல்ல," என்றார்.

"எப்ப சரியாச்சு?"

"வரவே இல்ல."

"அப்ப எதுக்கு நாலு வருஷமா கூடத்துல..."

"நீ குறட்டை விடறே."



"நானா? உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்? குழந்தை மாதிரி தூங்கறேன்னு சொன்னீங்களே!"

"குழந்தை மாதிரிதான். ரயில் இன்ஜின் மேல படுத்திருக்கற குழந்தை." சொன்னது தப்பு என்று உடனே தெரிந்தது. "உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"என் கை கஷ்டப்பட்டுதே! நாலு வருஷமா தைலம் தேய்ச்சு விரல் காய்ச்சுப்போச்சு. ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னீங்களா?"

"அது நல்லா இருந்தது," என்றார் அவர் பரிதாபமாக.

விற்பனைப் பிரதிநிதிக்கு இருமல் வந்தது. மேனேஜர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு சீட்டைப் படிப்பது போல் நின்றார். மனைவி போய்ச் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.  

இந்த இடத்தில் அவர் பில்லைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் இவ்வளவு கொடுத்த பிறகு அந்த வரி பில்லில் இருந்தால் கொடுத்ததெல்லாம் வீண் அல்லவா? டவல் தீர்ந்தது, கப்பு தீர்ந்தது, சோபா தீர்ந்தது. ஆள் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது.

"இப்ப அடிங்கய்யா அந்த வரியை!" என்றார்.

"அடிச்சுடலாம் சார். கடைசியா ஒண்ணே ஒண்ணு," என்றார் மேனேஜர். "பக்கத்து ரூம்காரர் புகார் பண்ணியிருக்காரு. நேத்து சாயங்காலம் ரெண்டு ஆம்பளைக் குரல் சத்தமாப் பேசிக்கிட்டிருந்ததாம். அந்த நேரத்துல மேடம் ரூம்ல இருந்தாங்களா?"

"நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன்," என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "தலை வலிக்குது, நீ மட்டும் போயிட்டு வான்னார்."

பரிசோதகருக்கு டவலும் கப்பும் சோபாவும் தூசு. இது அப்படி இல்லை.

ஏனென்றால், இன்னும் இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்ற மறுநாள் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோவது என்று மனைவி முடிவு செய்து வைத்திருந்தாள். மகள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு வீடு பார்த்து, ஜன்னல்களை அளவெடுத்து வரச்சொல்லி, ஆறு திரைச்சீலைகள் தைத்து மடித்து வைத்திருக்கிறாள். நேற்று கடைத்தெருவுக்குப் போனதும் அந்தத் திரைச்சீலைகளுக்கு வளையம் வாங்கத்தான். அவளுக்கு இப்போது உலகத்தில் வேறு நினைப்பே கிடையாது.

"யாருங்க வந்தது?" என்றாள் அவள், எழுந்து அருகில் வந்து. "சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல."

"யாரும் வரல."

"ரெண்டு குரல் கேட்டுதாமே."

"ரெண்டும் என் குரல்."

மேனேஜர் மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பரிசோதகருக்கு நன்றாகத் தெரியும். டிக்கெட் காற்றில் பறந்துபோச்சு சார் என்கிறவனைப் பார்த்து அவர் சிரிக்கிற அதே சிரிப்பு.

"நம்பலையா? தனியா ஒத்திகை பார்த்தேன். பேசிக் காட்டறேன்!"

இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்தார். தொப்பையை முன்னால் தள்ளி, தொண்டையைக் கட்டைக் குரலாக்கிக்கொண்டு தலைமை அதிகாரி ஆனார். "ஏன்யா, ரெண்டு மாசத்துல நிம்மதியா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? இன்னும் ஒரு வருஷம் வேலை நீட்டிப்பு எதுக்கு?"

இரண்டு அடி வலது பக்கம் வந்தார். கையைக் கட்டிக்கொண்டார். "ஐயா, வீட்ல உட்கார்ந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுங்க. ரயில் சத்தம் இல்லாம எனக்குச் சோறே இறங்காது."

மறுபடியும் இடது பக்கம். "வீட்ல சம்மதமா?"

வலது பக்கம் வந்தவர் பேசவில்லை. நின்றுவிட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி. "சம்மதமான்னு கேட்டாரே, என்ன சொன்னீங்க?"

"'அவ ஒண்ணும் சொல்ல மாட்டா'ன்னு."

"இது ஒத்திகைதானே? நிஜமாக் கேக்கலையே?"

"நேத்து மேடையை விட்டு இறங்கினதும் கேட்டுட்டேன். நல்ல நேரம்னு தோணுச்சு. அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டாரு."

"ஒரு வருஷமா?"

"ரெண்டு. ஒண்ணுதான் கேட்டேன். அவரே பெரிய மனசு பண்ணி..."

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் வீட்டு ஓனர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லிட்டேன். பாத்திரத்தையெல்லாம் பாதி குடுத்துட்டேன். பேரக் குழந்தைகிட்ட தினமும் போன்ல, பாட்டி வந்துடறேன், பாட்டி வந்துடறேன்னு சொல்லிட்டிருக்கேன். பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

அவருக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை. பேனாவை எடுத்துக் கூடுதல் நபரை இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"நான் முழுசா நம்பறேன் சார். உங்க ரூம்ல வேற யாரும் இல்ல. இவ்வளவு உண்மையை யாரும் இட்டுக்கட்ட முடியாது."

பரிசோதகர் பில்லை வாங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டார். பேர் கெடவில்லை. அலுவலகத்தில் தலை நிமிர்ந்து ஒட்டிக் கொடுக்கலாம். இதைச் சொல்லி மனைவியைச் சமாதானப்படுத்தலாம் என்று திரும்பினால் அவள் ரிசப்ஷன் மேஜைக்கு முன்னால் நின்று பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரூமையே எனக்கு இன்னும் ஒரு வாரத்துக்குப் போடும்மா," என்றாள்.

"என்ன பண்றே? ரயிலுக்கு நேரமாச்சு!"

"நீங்க போங்க. உங்களுக்குத்தான் ரயில் சத்தம் இல்லாம சோறு இறங்காதே. எனக்கு என் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போவா. அதுவரைக்கும் நான் இங்க சர்க்கரை போட்டு டீ குடிச்சிட்டு, நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கப்போறேன்."

"எத்தனை பேருக்கு மேடம் ரூம்?" என்றாள் ரிசப்ஷன் பெண் பழக்க தோஷத்தில்.

"ஒருத்தருக்கு," என்றாள் அவள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வேற யாராவது உள்ள வந்தா, கூடுதல் நபர்னு போட்டுக்கோங்க."

விற்பனைப் பிரதிநிதி கைதட்டப் போய், நல்லவேளை, பாதியில் நிறுத்திக்கொண்டார். பரிசோதகர் கையில் சுத்தமான பில்லை வைத்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லி இவளைக் கூட்டிப் போவது என்று அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

அப்போதுதான் லிஃப்டிலிருந்து வாளியும் துடைப்பமுமாக, அறைகளைச் சுத்தம் செய்கிற அம்மா வெளியே வந்தார்.

"அக்கா, மூணாவது மாடிக் கடைசி ரூமைத் திரும்பக் கொஞ்சம் ரெடி பண்ணிக் குடுங்க," என்றாள் ரிசப்ஷன் பெண். "இவங்க ரூம்தான். கொஞ்சம் முன்னாடி பார்த்துச் சீட்டு எழுதி அனுப்பினீங்களே, அதே ரூம்."

அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் ஒரு முறை பார்த்தார்.

"அந்தச் சீட்டு ரெண்டாவது மாடியில மூணு பசங்க தங்கிட்டுப் போனாங்களே, அந்த ரூமோடது கண்ணு, இவங்க ரூமை நான் இன்னும் தொறந்தே பார்க்கலையே!"